வெற்றிக்கு முன்னரே விலக்கப்பட்டவர்

ஒருவர் செய்த செயலை அதன் விளைவைக் கொண்டு மதிப்பிடுவது எளிது. பரீட்சை முடிவு வெளியான பின்னர் மாணவனைப் புகழ்வதும் இகழ்வதும், அறுவடை முடிந்த பின்னர் விதைத்தவனுக்குப் புத்தி புகட்டுவதும் எல்லோர்க்கும் இயல்வனவே. செயல் நடந்த வேளையில் அதனைச் செய்தவர் எவற்றை அறிந்திருந்தார், எவ்வளவு பணமும் எவ்வளவு அதிகாரமும் அவர் கையில் இருந்தன என்று ஆராய்ந்து தீர்ப்புக் கூறுவதே அரிது. இந்த அரிய வேலையை ஆண்டுதோறும் இலட்சக் கணக்கான மக்கள் பெருவிருப்போடு மேற்கொள்ளும் துறையொன்று அமெரிக்காவிலே உண்டு. அதுவே பேஸ்போல் ஆட்டம். அங்கே ஆடுபவரை மட்டுமன்றி, ஆடுபவரைத் தெரிந்தெடுப்பவரையும் மக்கள் தராசில் இட்டு நிறுக்கின்றனர். அவ்வாறு நிறுக்கப்பட்ட ஒருவரின் வரலாற்றை முன்வைத்து, அந்தத் தராசு எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதை இங்கு ஆராய்வோம்.

பொது முகாமையாளர் யார்?

அமெரிக்கப் பேஸ்போல் குழுவொன்றில் மூவரின் கை ஓங்கியிருக்கும். பணம் போடுபவர் முதலாளி. ஆட்டம் நடக்கும்போது குழுவை நடத்துபவர் களப் பயிற்றுநர். இவ்விருவர்க்கும் இடையே நின்று, எந்த வீரரைச் சேர்ப்பது, எவரை அனுப்பிவிடுவது, யாருக்கு என்ன சம்பளம் கொடுப்பது என்பவற்றைத் தீர்மானிப்பவரே பொது முகாமையாளர். ஒரு குழு தன்னிடமுள்ள வீரரைக் கொடுத்து, வேறொரு குழுவின் வீரரைப் பெற்றுக்கொள்ளும் வழக்கம் அங்கே நெடுநாளாக உண்டு. அதனை மாற்று ஒப்பந்தம் என்று சொல்லலாம். பொது முகாமையாளரின் புகழும் இகழும் பெரும்பாலும் இவ்வொப்பந்தங்களிலேயே தங்கியிருக்கின்றன.

கிரிக்கெட் அறிந்த எமது வாசகர்களுக்கு ஆட்டத்தைப் பற்றி இரண்டொரு குறிப்புக்கள் போதும். பந்து வீசுபவரை எறிவாளர் என்போம். ஆட்டத்தின் வெற்றி தோல்வி அவர் பெயரிலும் எழுதப்படும். ஒரு பருவத்தில் 20 வெற்றிகளைப் பெறும் எறிவாளர் மிகச் சிறந்தவராகக் கருதப்படுவார். அடிப்பவரின் திறமையை ஆயிரத்துக்கு இத்தனை என்று கணக்கிடுவர். ஆயிரத்துக்கு 300 என்றால் நல்ல அடிவீரர். 250 என்றால் நடுத்தரமானவர். இனி, கதைக்கு வருவோம்.

1964ஆம் ஆண்டு ஜூன் 15

சென் லூயிஸ் நகரத்துக் கார்டினல்ஸ் குழுவின் பொது முகாமையாளராக 1957ஆம் ஆண்டின் இறுதியிற் பதவியேற்றவர் பிங் டிவைன். அந்நகரிலேயே பிறந்து, அக் குழுவின் அலுவலகத்திற் சிறு வேலையிற் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்தவர். குழுவின் முதலாளியோ பியர் வடிசாலை அதிபரான ஒகஸ்ட் புஷ். செல்வமும் பொறுமையின்மையும் ஒருங்கே வாய்ந்தவர். டிவைன் பதவியேற்று ஏழாவது பருவம் நடந்துகொண்டிருந்தது. வெற்றிக் கிண்ணம் இன்னும் கைக்கு எட்டவில்லை.

1963ஆம் ஆண்டில் அக்குழு 93 ஆட்டங்களை வென்று இரண்டாம் இடத்தைப் பெற்றது. அவ்வாண்டின் முடிவில் ஸ்டான் மியூசியல் என்னும் மாபெரும் வீரர் ஓய்வு பெற்றார். அவர் நின்ற இடப்புறக் களத்துக்குத் தகுந்த ஆள் இல்லை. 1964 ஜூன் நடுப்பகுதியில் கார்டினல்ஸ் குழு 28 ஆட்டங்களை வென்று 31 ஆட்டங்களில் தோற்றுப் பின்தங்கி நின்றது. வீரர்களை மாற்றிக்கொள்வதற்கான இறுதி நாள் ஜூன் 15. அன்றே டிவைன் சிக்காகோ கப்ஸ் குழுவோடு ஓர் ஒப்பந்தம் செய்தார். அவர் கொடுத்தவருள் முதன்மையானவர் ஏர்ணி புறொக்லியோ. பெற்றவருள் முதன்மையானவர் லூ புரொக்.

அன்றைய கணக்கைப் பார்ப்போம். புறொக்லியோ 28 வயது நிரம்பிய எறிவாளர். 1960இல் 21 வெற்றிகள். 1963இல் 18 வெற்றிகள். புரொக் என்பவரோ 25 வயதை அடைய இன்னும் மூன்று நாட்கள் இருந்த இளைஞர். அவ்வாண்டு அவருடைய அடிச் சராசரி ஆயிரத்துக்கு 251 மட்டுமே. ஓட்டத்தில் மான் போன்றவர். ஆயினும் பந்தைத் தவறவிடுபவர், பிடிப்பதிலும் திருத்தமற்றவர் என்று பெயர் வாங்கியிருந்தார். சிக்காகோ மக்கள் மகிழ்ந்தனர். கார்டினல்ஸ் வீரர்களிற் பலரே முகஞ் சுளித்தனர். பொன்னைக் கொடுத்துப் பித்தளையை வாங்கியதாகவே பலரும் எண்ணினர்.

நடந்தது என்ன? சென் லூயிஸ் சென்ற புரொக், அப்பருவத்தின் எஞ்சிய பகுதியில் ஆயிரத்துக்கு 348 என்ற சராசரியிற் பந்தை அடித்தார். அவர் வந்த பின்னர் கார்டினல்ஸ் குழு 65 ஆட்டங்களை வென்று 38 ஆட்டங்களிலேயே தோற்றது. ஆனால், அந்த வெற்றிகள் முழுவதும் திரண்டு வருமுன்னரே முதலாளியின் பொறுமை அற்றுப்போயிற்று. வீரர் ஒருவருக்கும் களப் பயிற்றுநருக்கும் இடையில் எழுந்த பிணக்குத் தமக்கு உரிய வேளையில் அறிவிக்கப்படவில்லை என்ற மனத்தாங்கலும் அவருக்கு இருந்தது. 1964 ஓகஸ்ட் 17ஆம் நாள் டிவைனை அவர் பதவியிலிருந்து நீக்கினார்.

அதன் பின்னர் நடந்ததைக் கதாசிரியர் எழுதியிருந்தால் நாம் நம்பமாட்டோம். முன்னணியில் நின்ற பிலடெல்பியா குழு, 12 ஆட்டங்களே எஞ்சியிருக்க, தொடர்ச்சியாகப் பத்து ஆட்டங்களிற் தோற்றது. பருவத்தின் இறுதி நாளன்று கார்டினல்ஸ் குழு முதலிடத்தைப் பிடித்தது. அடுத்து நடந்த உலகத் தொடரில் நியூயோர்க் யாங்கீஸ் குழுவை நான்குக்கு மூன்று என வென்றது. வென்ற குழுவைக் கட்டியெழுப்பியவர் அப்பொழுது அங்கே இல்லை. பில் வைட், ஹூலியன் ஹவியர், டிக் குரோட், கேட் ஃபிளட், லூ புரொக் ஆகிய அனைவரும் டிவைன் தேடிக்கொண்டு வந்தவர்களே. அவ்வாண்டின் சிறந்த பேஸ்போல் நிர்வாகி என்று ‘ஸ்போர்ட்டிங் நியூஸ்’ பத்திரிகை தெரிந்தெடுத்தவரும் வேலை இழந்த அவரேயாவர்!

முதலாளி ஓகஸ்ட் மாதத்துப் புள்ளிகளைக் கொண்டு தீர்ப்பளித்தார். ஒக்டோபர் மாதம் அத்தீர்ப்பைத் தள்ளிவிட்டது. 162 ஆட்டங்கள் கொண்ட பருவத்தின் இடைநடுவில் நின்று முடிவுரை எழுதுவது எத்துணை ஆபத்தானது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

நல்லூழா, நன்மதியா?

இங்கே ஓர் ஐயம் எழலாம். புரொக் இத்துணைப் பெரிய வீரராவார் என்று டிவைனுக்கு எப்படித் தெரியும்? அது வெறும் அதிர்ஷ்டமன்றோ?

முழுமையும் தெரிந்திருக்க இயலாது. புரொக் பின்னாளில் 3,023 அடிகளையும், களவாடிய தளங்கள் 938ஐயும் தம் கணக்கில் எழுதிக்கொண்டு, 1985இல் புகழ்மண்டபத்தில் இடம்பெறுவார் என்பதை 1964இல் எவரும் முன்னறிந்திலர். ஆயினும், டிவைன் கண்ணை மூடிக்கொண்டு கல்லெறிந்தவர் அல்லர். இடப்புறக் களத்திலே வெற்றிடம் இருந்தது. தம் குழுவுக்கு விரைவு வேண்டும் என்பதை அவரும் களப் பயிற்றுநரும் உணர்ந்திருந்தனர். புரொக்கின் வேகம் எல்லோரும் கண்ட உண்மை. பிழைகள் பயிற்சியாற் திருந்தக்கூடியவை. மறுபக்கத்திலோ, புறொக்லியோவின் கை நோய்ப்பட்டிருந்தது. அதே ஆண்டு நவம்பரில் முழங்கையிற் சத்திரசிகிச்சை செய்யவேண்டி வந்தது. சிக்காகோவில் அவர் பெற்ற வெற்றிகள் மொத்தம் ஏழு மட்டுமே. சிக்காகோக் குழுவினர் சென்ற ஆண்டின் எண்களை விலைகொடுத்து வாங்கினர். டிவைன் வருகின்ற ஆண்டின் கால்களை வாங்கினார். எனவே, இந்த ஒப்பந்தத்திற் பயன் பெரிதாக வாய்த்தது நல்லூழ்; வழி சரியாக இருந்தது நன்மதி. இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்வதே மதிப்பீட்டின் முதற் பாடம்.

அதே கை செய்த மற்றோர் ஒப்பந்தம்

1967ஆம் ஆண்டின் இறுதியில் டிவைன் அதே பதவிக்கு மீண்டும் அழைக்கப்பட்டார். அவர் பெயரோடு இணைந்த மிகப் பெரிய இழப்பு அதன் பின்னரே நேர்ந்தது. ஸ்டீவ் கார்ல்டன் என்ற இடக்கை எறிவாளர் 1971இல் 20 வெற்றிகளைப் பெற்றவர். அடுத்த ஆண்டுச் சம்பளம் பற்றிய பேச்சில் அவருக்கும் குழுவுக்கும் இடையே சில ஆயிரம் டொலர்கள் மட்டுமே வேறுபாடு. முதலாளி புஷ் சினமுற்றார். இவரை அனுப்பிவிடுக என்று கட்டளையிட்டார். 1972 பெப்ரவரியிற் கார்ல்டன் பிலடெல்பியாவுக்குச் சென்றார். பதிலுக்கு ரிக் வைஸ் வந்தார்.

கார்ல்டன் அவ்வாண்டிலேயே 27 வெற்றிகளைக் குவித்தார். அவருடைய புதிய குழு அவ்வாண்டு வென்ற ஆட்டங்கள் எல்லாமே 59தான் என்பதை நினைத்தால் அதன் பெருமை விளங்கும். ஆண்டின் சிறந்த எறிவாளருக்குரிய சை யங் விருதை நான்கு முறை பெற்று, 329 வெற்றிகளோடு அவர் ஓய்வு பெற்றார்.

அப்படியாயின், கார்டினல்ஸ் குழுவினர் மூடர்களா? ஒப்பந்தம் நடந்த நாளில் நின்று பாருங்கள். அதுவரை கார்ல்டன் பெற்ற வெற்றிகள் 77. வைஸ் பெற்ற வெற்றிகள் 75. முன்னவருக்கு வயது 27, பின்னவருக்கு 26. கடதாசியில் எழுதிப் பார்த்தால், ஏறக்குறைய சமநிறையான மாற்றே. வைஸ் மோசமாக ஆடினார் என்றும் சொல்வதற்கில்லை; சென் லூயிசில் இரண்டு ஆண்டுகளிலும் ஆண்டுக்கு 16 வெற்றிகள் பெற்றார். எண்கள் அளவில் இதனைப் பெரும் பிழை என்று அன்று எவரும் கூறியிருக்க முடியாது.

பிழை வேறிடத்தில் இருந்தது. 1964இல் ஒரு தேவையை நிரப்புவதற்காக மாற்று நடந்தது. 1972இல் ஒரு கோபத்தைத் தணிப்பதற்காக மாற்று நடந்தது. குழுவுக்கு இடக்கை எறிவாளர் வேண்டாம் என்று யாரும் எண்ணவில்லை. பணிந்து போகாத ஒருவரைத் தண்டிக்கவேண்டும் என்று மட்டுமே எண்ணினர். அக்கோபத்தின் விலை சில ஆயிரம் டொலர்கள் அன்று. அடுத்த 252 வெற்றிகள்.

இங்கு மற்றொன்றும் கவனித்தற்குரியது. ஒப்பந்தத்திற் பெயர் டிவைனுடையது, முடிவு முதலாளியுடையது. பொது முகாமையாளரைத் தூற்றுமுன், கடிவாளம் யார் கையில் இருந்தது என்று கேட்டல் நன்று. ஆயினும், கட்டளைக்கு உடன்பட்டுக் கையெழுத்திட்டவருக்கும் அதில் ஒரு பங்கு உண்டென்பதையும் மறுக்க இயலாது.

குறிக்கோள் நிறைவேறிற்றா?

நோக்கத்தைக் கொண்டு அளக்கும்போது, இழப்பென்று தோன்றுவனவும் சில வேளைகளில் நியாயமாகின்றன. 1987 ஓகஸ்டில் டெட்ரோயிட் டைகர்ஸ் குழு டோயில் அலெக்சாண்டர் என்ற முதிர்ந்த எறிவாளரைப் பெறுவதற்காக, ஜோன் ஸ்மோல்ட்ஸ் என்ற இருபது வயது இளைஞரை அட்லாண்டாவுக்குக் கொடுத்தது. அலெக்சாண்டர் எஞ்சிய வாரங்களில் ஒன்பது ஆட்டங்களை வென்றார், ஒன்றிலேனும் தோற்கவில்லை. டைகர்ஸ் குழு இரண்டே ஆட்டங்கள் வித்தியாசத்திற் தன் பிரிவில் முதலிடம் பெற்றது. ஸ்மோல்ட்சோ 213 வெற்றிகளை ஈட்டி, 2015இல் புகழ்மண்டபம் புகுந்தார்.

இதனை மோசமான ஒப்பந்தங்களின் வரிசையிற் சேர்ப்பவர் பலர். எமது கருத்து அதுவன்று. அவ்வாண்டே முதலிடம் வேண்டும் என்று எண்ணி விலை கொடுத்தவர்கள், எண்ணியதைப் பெற்றார்கள். விலை மிகப் பெரிது என்று வருந்தலாம். வாங்கிய பொருள் போலி என்று சொல்லுதல் நீதியன்று.

ஆட்டக்காரரும் மனிதரே

இதுவரை நாம் வீரர்களைக் கொடுத்தோம், வாங்கினோம் என்று பண்டங்களைப் போலவே பேசிவந்தோம். இப்பேச்சை ஏற்க மறுத்த ஒருவரும் டிவைனின் வரலாற்றிலேயே வருகின்றார். பதவியேற்ற சில வாரங்களுள், 1957 டிசம்பரில், டிவைன் செய்த முதல் மாற்றிலே வந்து சேர்ந்த கறுப்பின இளைஞர் கேட் ஃபிளட். அப்பொழுது அவருக்கு வயது 19. பன்னிரண்டு பருவங்கள் அக்குழுவுக்காகவே ஆடினார். நடுக்களத்தில் அவரை ஒத்தவர் சிலரே. 1969 ஒக்டோபரில் அவரையும் வேறு சிலரையும் பிலடெல்பியாவுக்குக் கொடுத்துவிட்டனர். செய்தியை அவருக்குத் தொலைபேசியிற் சொன்னவர் டிவைனும் அல்லர். அவருக்குக் கீழிருந்த ஓர் அலுவலர்.

ஆட்ட நோக்கில் அந்த மாற்றிலே தவறு இருந்ததாகச் சொல்லமுடியாது. ஃபிளட்டுக்கு வயதேறிக்கொண்டிருந்தது, பெரிய அடிவீரரான டிக் அலன் பதிலுக்குக் கிடைத்தார். ஆயினும், தம் விருப்பத்தைக் கேளாமல் வாங்கவும் விற்கவும் தாம் ஒரு சொத்து அல்லர் என்று கூறி, ஃபிளட் அங்கே செல்ல மறுத்தார். அக்காலத்து விதிப்படி, ஒப்பந்தம் முடிந்த பின்னரும் வீரர் பழைய குழுவுக்கே கட்டுப்பட்டவர். வேறிடம் தேடும் உரிமை அவருக்கில்லை. அவ்விதியை எதிர்த்து அவர் வழக்காடினார். 1970ஆம் ஆண்டுப் பருவத்தையும், அதற்குரிய பெருஞ் சம்பளத்தையும் துறந்தார். 1972இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் ஐந்துக்கு மூன்று என்ற பெரும்பான்மையால் அவர் வழக்கைத் தள்ளியது. ஆனால், அவர் மூட்டிய தீ அவியவில்லை. 1975 டிசம்பரில் வேறிரு எறிவாளர்கள் தொடுத்த பிணக்கில், நடுவர் பீற்றர் சைட்ஸ் அவ்விதியின் பிடியைத் தளர்த்தித் தீர்ப்பளித்தார். வீரர்கள் தம் உழைப்பை விரும்பிய குழுவுக்கு விற்கும் காலம் பிறந்தது.

பணக் கணக்கு

அன்று தொடக்கம் பொது முகாமையாளரின் வேலையும் மாறிற்று. ஆளைத் தெரிந்தெடுக்கும் கண்ணோடு, பணத்தை அளந்து செலவிடும் கையும் அவருக்கு வேண்டியதாயிற்று. ஆகவே, இன்று அவரை மதிப்பிடுவோர் எத்தனை ஆட்டங்கள் வென்றார் என்பதோடு, எவ்வளவு பணத்தில் வென்றார் என்றும் கேட்கவேண்டும்.

2002ஆம் ஆண்டு இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. நியூயோர்க் யாங்கீஸ் குழு வீரர் சம்பளத்துக்காக ஏறத்தாழ 12 கோடி 50 இலட்சம் டொலரைச் செலவிட்டு 103 ஆட்டங்களை வென்றது. பில்லி பீன் பொது முகாமையாளராக இருந்த ஓக்லாண்ட் குழு ஏறத்தாழ 4 கோடி டொலரைச் செலவிட்டு அதே 103 ஆட்டங்களை வென்றது. வகுத்துப் பார்த்தால், ஒரு வெற்றிக்கு யாங்கீஸ் கொடுத்த விலை 12 இலட்சம் டொலர். ஓக்லாண்ட் கொடுத்தது 4 இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. பிறர் கவனியாத திறமைகளைப் பீன் மலிவாக வாங்கினார். முழங்கை பழுதுற்றதாற் பழைய இடத்தில் ஆட இயலாத ஸ்கொட் ஹாட்டபேர்க் என்பவரை, பொறுமையாக நின்று தளத்தை அடையும் அவருடைய ஆற்றலுக்காகச் சேர்த்துக்கொண்டு, வேறிடத்தில் நிறுத்தினார்.

எனினும், புகழையும் அளவோடு கொடுக்கவேண்டும். ஓக்லாண்டின் முதுகெலும்பாக இருந்த மூன்று இளம் எறிவாளர்களும், அவ்வாண்டின் மிகப் பெறுமதி வாய்ந்த வீரரெனத் தெரிவான மிகெல் தெஹாடாவும் குறைந்த சம்பளம் பெற்றமைக்கு ஒரு காரணம், தொடக்க ஆண்டுகளில் வீரர் வெளியேற இயலாது என்ற விதியே. இறுதிச் சுற்றின் முதற்படியிலேயே அக்குழு மினசோட்டாவிடம் மூன்றுக்கு இரண்டு எனத் தோற்றதும் உண்மை. ஆனால், ஐந்து ஆட்டங்களில் நேர்ந்ததைக் கொண்டு 162 ஆட்டங்களிற் காட்டிய திறமையை அழித்துவிடுதல் தகாது.

பணக் கணக்கிலே நகைப்புக்கு ஆளானவற்றுள் மற்றொன்று நியூயோர்க் மெட்ஸ் குழுவினுடையது. பொபி பொனியா என்ற வீரரை விலக்கியபோது, அவருக்குரிய 59 இலட்சம் டொலரை உடனே கொடாமல், 2011 முதல் 2035 வரை ஆண்டுதோறும் ஜூலை முதலாம் நாள் ஏறத்தாழ 11 இலட்சத்து 93 ஆயிரம் டொலர் கொடுப்பதென்று 2000ஆம் ஆண்டில் உடன்பட்டனர். கூட்டினால் ஏறத்தாழ 2 கோடி 98 இலட்சம்! ஆண்டுதோறும் அந்நாளில் மக்கள் சிரிக்கின்றனர். கணக்கறிந்த மாணவர் சிரிக்குமுன் பென்சிலை எடுப்பர். அது நூற்றுக்கு 8 வீத வட்டியிற் பிற்போடப்பட்ட கடனேயன்றி வேறன்று. கையில் நின்ற பணம் 8 வீதத்துக்கு மேல் ஈட்டியிருந்தால், அது இலாபமே. உரிமையாளர்களோ தம் முதலீடுகளிற் பலவற்றைப் பேணாட் மேடொஃப் என்பவரிடம் ஒப்படைத்திருந்தனர். 2008 டிசம்பரில் அவருடைய மாபெரும் மோசடி வெளியாயிற்று. குற்றம் தவணை முறையில் இல்லை. நம்பத் தகாதவரை நம்பியதில் இருந்தது.

இறுதித் தீர்ப்பு

ஆக, பிங் டிவைனை எவ்வாறு மதிப்பிடுவது? 1964இன் ஒப்பந்தம் ஆய்ந்து செய்தது, பெரும்பயன் தந்தது. 1972இன் ஒப்பந்தம் பிறர் கோபத்துக்கு உடன்பட்டுச் செய்தது, பேரிழப்புத் தந்தது. 1969இன் ஒப்பந்தம் விதிப்படி குற்றமற்றது. ஆனால், பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்தவருக்குத் தம் வாயாற் செய்தி சொல்லாமை பண்புக் குறைவு. மூன்றும் ஒருவர் செயல்களே. ஒன்றை மட்டும் எடுத்து மேதை என்பதும், மற்றொன்றை எடுத்துப் பேதை என்பதும் அரைத் தீர்ப்புக்களாகும். எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்கையில், முதலாளி இடையில் நீக்கிய அந்த மனிதர் தம் காலத்தின் சிறந்த பொது முகாமையாளர்களுள் ஒருவர் என்றே நாம் முடிவு செய்கிறோம்.

இத்தகைய தீர்ப்புக்களின் சுமையை மிக நீண்டகாலம் சுமந்தவர் ஏர்ணி புறொக்லியோ எனலாம். சிக்காகோவில் ஏமாந்துபோன ஒப்பந்தம் எதனையும் ‘புரொக்குக்குப் புறொக்லியோ’ என்று சொல்லும் வழக்கம் இன்றும் உண்டு. ஒரு பருவத்தில் 21 ஆட்டங்களை வென்ற அந்த எறிவாளர், தாம் செய்யாத ஒப்பந்தத்தின் பெயராக மாறிவிட்டார். அவர் அதற்காக எவர்மீதும் பகை கொள்ளவில்லை. பின்னாளில் லூ புரொக்கோடு நட்புப் பூண்டு, தம்மைப் பற்றிய கேலியிற் தாமும் சேர்ந்து சிரித்தார். 2019இற் புறொக்லியோவும், 2020இற் புரொக்கும் காலமாயினர். நிறுத்துப் பார்ப்பது எமக்குப் பொழுதுபோக்கு. தட்டில் ஏறி நிற்பவருக்கு அது வாழ்க்கை என்பதை மறவாதிருப்போமாக.